நாலு மணிக்குள் ஒரு கொம்பியூட்டர்

பட்டனை அமத்தினேன். விசிறி சுற்றியது, நீல வெளிச்சம் பற்றியது, மொனிட்டரில் ஏதோ எழுத்து வந்தது, நான் சிரித்தேன். பிறகு விசிறி நின்றது, வெளிச்சம் போனது, மொனிட்டர் கறுத்தது. என் சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

அறைக்குள் என் மனைவி விமலேஸ்வரி சீலைக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் கேட்டது.

"வணக்கம் பிள்ளைகள். நான்தான் உங்கட புது ரீச்சர்." கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக: "வணக்கம் பிள்ளைகள். என்ர பேர் விமலேஸ்வரி."

பிறகு சத்தமாக, எனக்கு: "இஞ்சேருங்கோ, வேலை செய்யுதோ?"

"ஓமோம். சூடாகிக்கொண்டு வருது."

வாய்க்கு வந்த பொய் அது. கொம்பியூட்டர் சூடாக வேண்டுமா ஆற வேண்டுமா என்றே எனக்குத் தெரியாது.

முரசுமோட்டையில் 'பரமலிங்கம் சவுண்ட்ஸ்' என்றால் நான்தான். முதலாளியும் நான், கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுபவனும் நான். கோயில் திருவிழா, சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, எதற்கும் சத்தம் என்னிடம் வாடகைக்கு உண்டு. வயர் பிடித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. ரீவி படுத்தாலும் கூப்பிடுவார்கள், தண்ணி மோட்டர் படுத்தாலும் கூப்பிடுவார்கள். நானும் போய், மூடியைக் கழற்றி, உள்ளே நல்லாகப் பார்த்து, "இது கொம்பனிக்குத்தான் கொண்டுபோக வேணும்" என்று சொல்லி, மூடியைப் பூட்டிவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருவேன். இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் மரியாதையோடு சீவித்துவிட்டேன்.

ஆனால் சொந்த வீட்டில் அந்த வசனம் செல்லாது. ஏனென்றால் இந்தக் கொம்பியூட்டருக்குக் கொம்பனி நான்தான்.

புதுக்குடியிருப்பில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் குகதாசன், விண்டோசையும் ஏற்றி, சாமான்களைப் பாகம் பாகமாக எடுத்துத் தரும்போதே சொன்னான்: "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. வீட்டில கலியாணம். அது முடியட்டும், நானே வந்து பூட்டித் தாறன்." பக்கத்தில் விமலேஸ்வரி நின்றாள். சனிக்கிழமை, அதாவது இன்றைக்கு, நாலு மணிக்கு அவளுக்கு முதல் வகுப்பு. "சாமானைத் தா தம்பி, நான் பூட்டிறன்" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கலியாணம் கட்டின புதிதில் பார்த்த பார்வை. அந்தப் பார்வைக்காக அந்த நேரம் ஆகாய விமானம் பூட்டித் தரச்சொன்னாலும் ஓமென்றிருப்பேன்.

அவளுடைய வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று போன வருசம் அதை மூடிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், சுவரில் ஒட்டியிருந்த படங்களை எல்லாம் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தாள். அதோடு கதையை நிறுத்திவிட்டாள். "சோறு போடட்டோ", "கேற் பூட்டியாச்சோ", இவ்வளவுதான். முன்பெல்லாம் கோழிக்குத் தவிடு வைக்கும்போது கூட நரிக் கதை சொல்பவள். என்னைத் திட்டினால் கூடப் பாட்டாகத் திட்டுபவள். நான் பகிடி விட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பகிடிக்குச் சிரிப்பதுபோல ஒரு மரியாதைக்குச் சிரித்தாள். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுப்பவனுடைய வீட்டில் கரண்டி விழுந்தால் தூக்கிவாரிப் போடும் அமைதி. அந்த மாதங்களில் நான் பயந்த பயத்தை யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு நோர்வேயிலிருந்து சுதாஜினி அக்கா போன் எடுத்தா. விமலேஸ்வரியோடு படித்தவரின் தமக்கை. அங்கத்தைய பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒன்லைனில் தமிழ் வகுப்பு நடத்துகிறா. அதற்கு ரீச்சராக வரச்சொல்லி விமலேஸ்வரியைக் கேட்டா. நல்ல மனுசி, ஆனால் கறார். "முதல் வகுப்பில நானும் இருந்து பாப்பன், விமலா. போனில வேண்டாம், எழுத்துக் காட்டேலாது, கொம்பியூட்டர் வேணும். முந்தி வந்த ரெண்டு ரீச்சர்மாரும் லைன் பிரச்சினை, லைன் பிரச்சினை எண்டு பிள்ளையளைக் காக்க வைச்சிட்டினம். இனியும் அப்பிடியெண்டால் நான் இஞ்சையே ஆரையும் பாக்கிறன்."

அன்று பின்னேரம் குசினிக்குள் பாட்டுச் சத்தம் கேட்டது. றேடியோ என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். றேடியோ இல்லை.

ஆகவே இப்போது இந்தக் கறுத்த மொனிட்டருக்கு முன்னால் நிற்கும் எனக்குத் திட்டு விழுமே என்ற பயம் இல்லை. திட்டினால் நான் திருவிழாவே வைப்பேன். அவள் வந்து பார்த்து, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, அயன் பிடித்த சீலையைத் திரும்ப மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவாளோ என்பதுதான் பயம்.

திரும்பவும் பட்டனை அமத்தினேன். எழுத்து வந்தது, நின்றது. மறுபடி அமத்தினேன். எழுத்து வரமுதலே நின்றது. அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கு மேலும் அமத்தக் கை கூசியது. விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும் அதனுடைய ஆயுளில் கொஞ்சத்தை நான் தின்கிறேன் என்று பட்டது.

குகதாசனுக்குப் போன் எடுத்தேன். முள்ளியவளையில் கலியாண வீட்டில் நின்றான். பின்னால் ஒரு சனப் பட்டாளத்தின் இரைச்சல்.

"அண்ணை, பந்தியில நிக்கிறன், சொல்லுங்கோ! இல்லை ஐயா, உங்களுக்கு வைக்கிறன், கையை எடுங்கோ. அண்ணை, என்ன, ஓடுதோ?"

"ஓடுது, நிக்குது. ஓடுது, நிக்குது."

"மொனிட்டரில படம் வருதோ?"

"எழுத்து வந்து போகுது."

"அப்ப மதர்போட் உயிரோடதான். றாமைக் கழட்டித் திருப்பிப் போடுங்கோ. ரெண்டு பக்கமும் 'டக்' எண்டு சத்தம் கேக்கோணும். பாயாசமோ? அது கடைசியில அம்மா!"

றாம் என்பது கோடு கீறும் அடிமட்டத்தின் பாதி நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. அதைக் கழற்றினேன். திருப்பிச் செருகி அமத்தினேன். அசையவில்லை. இன்னும் அமத்தினேன். 'டக்' என்றது. எனக்கு அது எலும்பு முறிந்த சத்தமாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தொட்டேன். விசிறி சுற்றியது. கண்ணைத் திறந்தேன். நின்றது.

"இஞ்சேருங்கோ!" அறைக்குள்ளிருந்து விமலேஸ்வரி. "என்ன சத்தம் அது?"

"ஒண்டுமில்லை. பூட்டு விழுந்தது. நீர் சீலையைக் கட்டும்."

"உங்கட குரல் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"எப்பிடிக் கிடக்கு?"

"மைக் இல்லாமல் பேசிற ஆள் மாதிரி."

கதைக்கிறாள். பகிடி கூட விடுகிறாள். எனக்கு இன்னும் பயம் கூடியது. இழக்க எதுவும் இல்லாதபோது இப்படிப் பயம் வராது.

குகதாசன் அடுத்தடுத்துச் சொன்னான், நான் செய்தேன். பவர் வயர் இரண்டு இடத்திலும் இறுகிப் பூட்டியிருக்கிறதா? பூட்டியிருந்தது. உள்ளே ஸ்குறூ ஏதும் விழுந்து கிடக்கிறதா? பெட்டியைத் தூக்கிக் குலுக்கினேன். கோயில் உண்டியலைக் குலுக்குவதுபோல இருந்தது, ஆனால் ஒன்றும் கிலுங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் பார்த்தேன்.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கிறன், யோசிச்சுச் சொல்லுங்கோ. உடன உடன போட்டால் கெதியா நிக்குது. கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் கூட நேரம் நிக்குதோ?"

யோசித்தேன். முதல் தடவைதான் அதிக நேரம் ஓடியது. றாமோடு மல்லுக்கட்டிய பிறகும் கொஞ்சம் கூட ஓடியது.

"ஓம் தம்பி. அப்பிடித்தான்."

பந்தி இரைச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது. அவன் வெளியே வந்துவிட்டான் போல. டொக்டர் நோயாளியின் சொந்தக்காரரைத் தனியே கூப்பிடுவதும் இப்படித்தான்.

"அப்ப சூடு அண்ணை. புறொசசர் கொதிக்குது. அது எரிஞ்சு போகாமல் தன்னைத்தானே நிப்பாட்டுது. அதுக்கு மேல விசிறியோட ஒரு இரும்புக் கட்டி பூட்டினனீங்கள் எல்லோ, கூலர், அதைத் தொட்டுப் பாருங்கோ. கையைச் சுடுதோ?"

நான் வயரைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டு, ஒற்றை விரலால், பாம்பைத் தொடுவதுபோலத் தொட்டேன்.

"பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு."

"சுடேல்லையோ?"

"கிணத்துக்கட்டு மாதிரிக் குளிர் தம்பி. அப்ப நல்லதுதானே?"

"நல்லதில்லை அண்ணை! கீழ கொதிக்குது, மேல குளிருது எண்டால் சூடு மேல வரேல்லை. ரெண்டுக்கும் நடுவில ஏதோ நிக்குது. கூலரைக் கழட்டுங்கோ. எத்தினை தரம் போட்டு அமத்தினனீங்கள்?"

"ரெண்டு மூண்டு."

"உண்மையைச் சொல்லுங்கோ."

"ஒரு பத்து."

போனுக்குள் அவன் விட்ட மூச்சு மட்டும் கேட்டது.

கூலரைக் கழற்ற நாலு ஸ்குறூ. ஒன்றைக் கழற்றினால் மறு பக்கம் சரிகிறது. சரிந்தால் கீழே இருப்பது நசியும் என்று குகதாசன் ஸ்பீக்கரில் கத்துகிறான். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கை இல்லை. கூலரைப் பிடிக்க ஒரு கை, ஸ்குறூ டிரைவருக்கு ஒரு கை, கடவுளைக் கும்பிட ஒரு சோடி கை வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் எனக்குப் பின்னால் சீலை சரசரத்தது.

விமலேஸ்வரி நின்றாள். கத்தரிப்பூ நிறச் சீலை, தலை வாரி இழுத்துப் பொட்டு வைத்து. முன்பள்ளி மூடிய பிறகு அந்தச் சீலையை நான் காணவில்லை. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், மேசை முழுக்க இறைந்து கிடந்த வயர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

இப்போது சொல்லப்போகிறாள். 'பரவாயில்லை.' நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எங்க பிடிக்கோணும்?" என்றாள்.

காட்டினேன். இரண்டு கையாலும் பிடித்தாள். நான் மற்ற ஸ்குறூக்களைக் கழற்றினேன். அவள் கூலரை மெதுவாகத் தூக்கித் திருப்பினாள். அடியில் வெள்ளைக் களிம்பு அப்பியிருந்தது.

"அண்ணை, என்ன தெரியுது?" ஸ்பீக்கரில் குகதாசன்.

"களிம்பு இருக்கு தம்பி. எல்லாம் சரியாத்தான் கிடக்கு."

"பொலித்தீன் கூடக் கழட்டேல்லை, புதுசாவே கிடக்கு," என்றாள் விமலேஸ்வரி.

"ஓம், நேற்று நான் பாத்தனான். தூசி பிடியாதெண்டு விட்டனான்."

"நல்லதுதானே."

போனுக்குள் கலியாண வீடு முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல்.

"கழட்டுங்கோ அக்கா! கழட்டுங்கோ! அண்ணை, அதைக் கழட்டுங்கோ!"

தூரத்தில் யாரோ ஒரு கிழவர் கேட்பது கேட்டது: "என்னத்தையடா தம்பி கழட்டச் சொல்லுறாய், கலியாண வீட்டில நிண்டுகொண்டு?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் வீட்டு ரீவி றிமோட் பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது. மோட்டச்சைக்கிள் சீற்றில் கடைக்காரன் போட்ட உறை கிழிந்து தொங்குகிறது, கழற்றவில்லை. மெத்தை உறையும் கழற்றவில்லை; இரவில் புரண்டு படுத்தால் மழை தூறுவதுபோலக் கேட்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பொலித்தீனுக்குள் கட்டி வைத்த சாமான்தான் நனையாமல் வந்து சேர்ந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எங்கள் கலியாணப் படத்தில் ஒன்று. வெளியே இருந்ததெல்லாம் போனது. அதற்குப் பிறகு புதுச் சாமான் எது வந்தாலும் அதன் தோலை உரிக்க எங்களுக்குக் கை வருவதில்லை. இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். நேற்று அந்தக் கண்ணாடி போன்ற தாளில் சிவப்பு இங்கிலிஷ் எழுத்தில் எனக்கு விளங்காத ஏதோ எழுதியிருந்தது. கொம்பனிக்காரனும் எங்கள் ஆள்தான் போல, எவ்வளவு பாதுகாப்பாக அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, விரலால் தடவிச் சுருக்கம் எடுத்து, அதற்கு மேலேயே களிம்பைப் பூசிப் பூட்டிவிட்டேன்.

விமலேஸ்வரி நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, ஒரே இழுவையில் உரித்தாள். கீழே செம்பு நிறத்தில் பளபளவென்று தகடு.

"தாளில ஒட்டின களிம்பை வழிச்சு, புறொசசருக்கு நடுவில வையுங்கோ," என்றான் குகதாசன். "இண்டைக்குச் சமாளிக்கும். கலியாண அலுப்பு முடிய வந்து நான் புதுசு போடுறன். ஸ்குறூவை மூலைக்கு மூலை மாத்தி மாத்தி இறுக்குங்கோ. பெட்டியை மூடாதேங்கோ."

"தப்புமோ தம்பி? பத்துத்தரம் போட்டனான்."

"போட்டுப் பாத்தால்தான் தெரியும் அண்ணை."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

இறுக்கினோம். வயரைச் சொருகினேன். பட்டனுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோய், அப்படியே நிறுத்திவிட்டேன். என்னால் முடியவில்லை. விமலேஸ்வரி என் விரலுக்கு மேலே தன் விரலை வைத்து அமத்தினாள்.

விசிறி சுற்றியது. எழுத்து வந்தது. நான் மூச்சை விடவில்லை. எழுத்து போய்ப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு மொனிட்டர் முழுக்க ஒரு நீலக் கடலும் மலையும் வந்து அப்படியே நின்றன.

"வந்திட்டுது!" என்று நான் கத்தியதில் வெளியே கோழிகள் கலைந்தன. குகதாசனும் அங்கே கத்தினான். பாயாசம் கேட்டு யாரோ அவனைக் கூப்பிட, போனை வைத்துவிட்டான். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, சுதாஜினி அக்கா அனுப்பிய இணைப்பையும் திறந்துவிட்டுக் கதிரையை இழுத்தேன்.

"இரும்."

அவள் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ. நான் ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?"

"சொல்லும்."

"இது வேலை செய்யக்கூடாதெண்டு மத்தியானம் முழுக்கப் பிள்ளையாருக்கு நேந்துகொண்டிருந்தனான்."

எனக்கு விளங்கவில்லை. "எது?"

"இந்தக் கொம்பியூட்டர். இது ஓடாட்டித் தேங்காய் அடிக்கிறனெண்டு." அவள் மொனிட்டரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். "அதுகள் நோர்வேப் பிள்ளையள். என்ர கதை விளங்காமல் ஒண்டொண்டா எழும்பிப் போனால்? முன்பள்ளியில கடைசி நாட்களில ஒரேயொரு பிள்ளைதான் வந்தது, தெரியுமோ? அந்த ஒண்டுக்கும் நான் முழுப்பாட்டும் ஆடிப் பாடினனான். அடுத்த நாள் அதுவும் வரேல்லை. இன்னொருக்கா என்னாலை ஏலாது."

அந்த இடத்தில் எனக்கு ஒரு பகிடி வந்திருக்க வேண்டும். என் பிழைப்பே அதுதான். வரவில்லை.

"எனக்கும் பயந்தான்," என்றேன். "மத்தியானம் முழுக்க."

"உங்களுக்கென்ன பயம்?"

"நீர் பரவாயில்லை எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதிரையில் இருந்தாள்.

சுவர் பிளக் தாழ்வாக இருந்ததால் பெட்டியை மேசைக்குக் கீழேதான் வைத்திருந்தோம். நான் மதர்போட் வந்த மட்டைப் பெட்டியின் மூடியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தேன். எனக்குக் கூலரில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. திறந்த பக்கத்தால் விசிறத் தொடங்கினேன். அங்கிருந்து பார்த்தால் விமலேஸ்வரியின் கால்கள் மட்டும் தெரியும்.

மேலே 'டிங்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னும் சில. வந்துவிட்டார்கள்.

"வணக்கம் பிள்ளைகள். என்ர பேர் விமலேஸ்வரி ரீச்சர்."

ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. அவளுடைய வலது கால் ஆடத் தொடங்கியது. தையல் மெசின் மிதிப்பதுபோல, நிற்காமல். "எல்லாரும்... எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ?" அதற்கும் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கதிரை நகர்ந்த சத்தம். எழும்பிப் போகிறார்களோ? நான் விசிறுவதை மறந்துபோய், மறுபடி நினைவு வந்து, பேய் பிடித்தவன் போல விசிறினேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே மதிலில் ஒரு மயில் வந்து நின்று தொண்டை கிழியக் கத்தியது. எங்கள் பயிரைத் தின்கிற சனியன். முடிந்தது என்று நினைத்தேன்.

"ரீச்சர், அது என்ன சவுண்ட்?" ஒரு சின்னக் குரல்.

"அதோ? அது மயில்."

"றியல் மயிலா?"

"ஓம் குஞ்சு. எங்கட மதிலில நிக்கிறார். இண்டைக்கு வகுப்பெண்டு அவருக்கும் தெரிஞ்சிட்டுது. ஆனா அவர் வீட்டுப்பாடம் செய்யேல்லை."

ஒரு பிள்ளை சிரித்தது. "ஏன் செய்யேல்ல?"

"அதுதான் ஒரு பெரிய கதை," என்றாள் விமலேஸ்வரி.

கால் நின்றுவிட்டது. எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது அது தரையில் பேசாமல் இருந்தது. மேலே அவள் மயில் போலக் கத்திக் காட்டினாள். நோர்வேயில் இருந்து பிள்ளைகள் ஆளுக்கொரு மயிலாகக் கத்தினார்கள். அந்த அக்கம்பக்கத்துச் சனம் என்ன நினைத்திருக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டேன். மயிலுக்கு ம, மதிலுக்கு ம என்று எழுத்து வந்தது. பிறகு ஒரு பாட்டு வந்தது. குதிக்கால் தாளம் போட்டது. கூலரைத் தொட்டுப் பார்த்தேன். இதமான சூடு. வாழ்க்கையில் ஒரு இரும்பு சுட்டதற்கு நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

முடிகிற நேரம் அந்த முதல் குரல் கேட்டது: "அடுத்த சனியும் இந்த ரீச்சர்தானா?"

இவ்வளவு நேரமும் மூச்சுக் காட்டாமல் இருந்த சுதாஜினி அக்கா சொன்னா: "அதை நீங்கள் ரீச்சரிட்டத்தான் கேக்க வேணும்."

குதிக்கால் தரையிலிருந்து எழும்பி, அப்படியே நின்றது. சத்தமே இல்லை. நின்றுவிட்டதோ என்று பெட்டியைப் பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் நின்றது அவள்தான். என் கையில் மட்டை அந்தரத்தில் நின்றது. பிள்ளையாரே, எத்தனை தேங்காய் வேண்டுமென்றாலும்.

"ஓம்," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை, உரத்து: "ஓம் செல்லம், நான்தான் வருவன்."

நான் மட்டையைத் திருப்பி என் முகத்துக்கு விசிறிக்கொண்டேன்.